கத்தரி வைக்கும் வரை

அன்புள்ள ஐயா,

சேலத்தில் என் அம்மா தையல் கடை நடத்துகிறார். நான்கு மெஷின், நான்கு அக்காக்கள். துணி வெட்டுவது அம்மா மட்டும். எம்.பி.ஏ. முடித்துவிட்டு நானும் கடைக்கு வந்துவிட்டேன். ஆல்பத்தில் 60 கழுத்து மாடல் இருக்கிறது. போன தீபாவளிக்கு பாதிப் பேருக்குச் சொன்ன தேதியில் பிளவுஸ் கொடுக்க முடியவில்லை. எல்லாருக்கும் எல்லாம் செய்தால் எதுவும் உருப்படாது என்பதுதானே நிர்வாகவியல் பேராசிரியர் ஸ்கின்னர் சொன்னது? மாடலைப் பத்தாகக் குறைக்கலாமா? டோக்கனுக்கு ஆப் செய்யலாமா? கஸ்டமர் தொல்லை தாங்கவில்லை.

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

படித்துவிட்டுக் கடைக்கே திரும்பியிருக்கிறீர்கள். அதற்காகவே உங்களை அணைத்துக்கொள்ளத் தோன்றுகிறது. ஆனால் ‘கஸ்டமர் தொல்லை’ என்று இன்னொரு முறை எழுதாதீர்கள். தன் உடம்புக்குச் சரியாக அமைய வேண்டும் என்றுதான் ஒரு பெண் ரெடிமேடை விட்டு உங்கள் படி ஏறுகிறாள். அவள் கேட்பதுதான் உங்கள் தொழில்.

ஆப் இப்போது வேண்டாம். வெட்டுகிற மேஜை ஒன்றாக இருக்கும்வரை வரிசை அங்கேதான் நிற்கும்.

விக்காம் ஸ்கின்னர் 1969இல் சொன்னதைச் சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள். விலை, தரம், வேகம், வளைந்துகொடுத்தல் என எல்லாவற்றிலும் ஒரே தொழிற்கூடம் முதலிடம் வாங்க முடியாது. ஆனால் அதைப் பொருத்திய இடம் தவறு. எம்.பி.ஏ. வகுப்புகளில் உதாரணமாகக் காட்டும், கனடாவில் டொரான்டோ அருகே உள்ள ஷோல்டைஸ் மருத்துவமனை குடலிறக்க அறுவை சிகிச்சை மட்டுமே செய்கிறது. எடை அதிகம் என்றால் குறைத்துவிட்டு வரச் சொல்கிறது. உங்கள் வாசலில் அப்படிச் சொல்ல முடியுமா?

கழுத்து மாடலைக் குறைத்து எதை மிச்சம் பிடிக்கப் போகிறீர்கள்? பானைக் கழுத்தோ வட்டக் கழுத்தோ, சாக்பீஸால் அந்த வளைவை வரைய இரண்டு நிமிடம். பைப்பிங், கயிறு, குஞ்சம் எல்லாம் மெஷினிலும் கையிலும் நடக்கிற வேலை. போட் நெக், காலர் இரண்டையும் மட்டும் தனியே வையுங்கள், அவை தோளையே மாற்றிவிடும். மற்ற கழுத்துகள் அறுபது என்ன, நூறுகூட இருக்கட்டும். வாடிக்கையாளர் ஆசையோடு பார்ப்பது அந்த ஆல்பத்தைத்தான். உங்களுக்கு மலிவாக முடிகிற, அவர்களுக்குப் பெரிதாகத் தெரிகிற ஒன்றைப் போய்க் குறைப்பார்களா?

விலை உயர்ந்தது உங்கள் அம்மாவின் நேரம். ஒரு வாரம் பக்கத்தில் உட்கார்ந்து நிமிடக் கணக்கு எழுதுங்கள். இப்போதைக்குச் சாதா லைனிங் பிளவுஸ் வெட்ட 15 நிமிடம், பல துண்டுகளாக வெட்டி இணைக்கும் பிரின்சஸ் கட்டுக்கு 30 என்று வைத்துக்கொள்வோம். எட்டு மணி நேரம் என்பது 480 நிமிடம். அளவு எடுக்கவும் மாடல் பேசவும் கவுன்டருக்கு எழுந்து எழுந்து போவதில் இரண்டு மணி நேரம் கழிந்தால் மிச்சம் 360. எட்டு பிரின்சஸ் கட் வந்த நாளில் அதில் 240 போய்விடும். மிச்சமுள்ள 120இல் எட்டு சாதா. ஆக 16. நான்கு அக்காக்களும் ஆளுக்கு ஐந்து தைப்பார்கள் என்றால், நான்கு பிளவுஸுக்கான நேரம் மெஷின் சும்மா கிடக்கிறது.

ஓர் அக்காவுக்கு அளவு எடுக்கப் பழக்குங்கள். அவர் இரண்டு மணி நேரம் மெஷினை விட்டு எழுந்தால் தையலில் ஒன்றேகால் பிளவுஸ் குறையும். அம்மாவுக்கு மிச்சமாகும் அந்த நேரத்தில் மேஜையில் எட்டு சாதா பிளவுஸ் கூடுதலாக வெட்டலாம். கணக்கு அவ்வளவுதான்.

அளவு பிளவுஸை ஹூக்கு மாட்டித் தரையில் விரித்து, அக்குளுக்கு அக்குள் அளந்து இரட்டிக்கச் சொல்லுங்கள். ஹூக்கைக் கழற்றி அளந்தால் உள்பட்டியும் சேர்ந்து, தைத்தது தொளதொளக்கும். ‘இது இப்போது எங்கே பிடிக்கிறது?’ என்று கேட்டு எழுதட்டும். கேட்காமல் வெட்டினால் பழைய பிளவுஸின் கோளாறு புதியதிலும் வரும். இரண்டு பக்கத் தையலிலும் உள்ளே ஓர் அங்குலம் துணி விட்டால் பிரித்துச் சரிசெய்யலாம்.

மார்பு 30 முதல் 44 வரை, இரண்டிரண்டு அங்குல இடைவெளியில் எட்டு பிரவுன் பேப்பர் கட்டிங் வெட்டி மாட்டுங்கள். அம்மா அதை வைத்து வரைந்து, அக்குளையும், டாட் எனும் மார்பு மடிப்பின் முனையையும் மட்டும் ஆளுக்குத் தக்கபடி திருத்தட்டும். அடிக்கடி வருபவர்களுக்கு அவரவர் பெயரிலேயே ஒரு பேப்பர் இருக்கட்டும்.

காட்டன் லைனிங்கை வாடிக்கையாளர் கொண்டுவந்த பிறகு நனைத்துக் காயவைத்தால் ஒரு நாள் போகும். அவசரத்தில் நனைக்காமல் வெட்டினால் முதல் சலவையிலேயே லைனிங் சுருங்கி மேல்துணி கொப்பளிக்கும். அடிக்கடி போகும் நிறங்களை நனைத்து, நிழலில் உலர்த்தி, தேய்த்து நீங்களே அடுக்கிவையுங்கள். எல்லாருக்கும் பொதுவான வேலை முன்கூட்டியே முடிந்திருந்தால்தான் ஆளுக்கொன்றான வேலைக்கு நேரம் கிடைக்கும்.

சீட்டில் கொடுக்கும் தேதியோடு வெட்டும் தேதியும் எழுதுங்கள். கத்தரி வைக்கும் வரை கை நீளம், கழுத்து, எதை வேண்டுமானாலும் மாற்றலாம் என்று சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகு கையைக் குறைக்கலாம், கயிறு சேர்க்கலாம், அவ்வளவே. இதைக் கண்டிப்பாகச் சொல்ல உங்களுக்கு வாய் வர வேண்டும். தீபாவளிக்கு முந்தின வாரம் வெட்டிய துணியை மறுபடி மேஜையில் போடுவது, முகதாட்சண்யத்துக்காக அம்மாவின் தூக்கத்தைக் கொடுப்பது.

ஆடியில் முகூர்த்தம் கிடையாது, மேஜை காலியாக இருக்கும். ஆடித் தள்ளுபடியில் சேலை எடுப்பவர்களிடம் தீபாவளி பிளவுஸை அப்போதே கேட்டு வாங்குங்கள், கூலியைக் கொஞ்சம் குறைத்தாவது. கடைசி வாரம் வருபவர்களிடம் கூலியைக் கூடுதலாகக் கேளுங்கள்.

அம்மாவின் அளவு நோட்டை இன்றே எடுத்து, அக்குள் சுற்றளவு எழுதாத பக்கங்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். அந்த அளவுகள் எல்லாம் அவர் நினைவில்தான் இருக்கின்றன. பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதுங்கள்.