அமெரிக்காவில் மரண தண்டனை பற்றிய விவாதம் ஏன் இன்னும் முடியவில்லை?

கொடூரமாகக் கொலை செய்தவனைத் தூக்கிலிட அமெரிக்கர்களுக்கு என்ன தயக்கம் என்று சிலர் கேட்பதுண்டு. என் பார்வையில், தண்டனையின் கடுமையைவிட, அது யார் தலையில் விழுகிறது என்பதே அங்கே நீதிமன்றங்களை அதிகம் அலைக்கழித்திருக்கிறது. 1972-இல் ஃபர்மன் வழக்கில் அன்றைய மரண தண்டனைச் சட்டங்களை உச்ச நீதிமன்றம் செல்லாதவையாக்கியபோது, நீதிபதி பாட்டர் ஸ்டூவர்ட் அத்தண்டனைக்கு ஆளாவதை, யார் மீது விழும் என்று சொல்ல முடியாத மின்னல் தாக்குவதோடு ஒப்பிட்டார். மாநிலங்கள் சட்டங்களைத் திருத்தி எழுதின. 1976-இல் அதே நீதிமன்றம் அவற்றுக்கு இசைந்தது.

திருத்தம் பலித்ததா என்பதை அறிய மெக்லெஸ்கி வழக்கைப் படிக்க வேண்டும். 1978-இல் அட்லாண்டாவின் மரச்சாமான் கடை ஒன்றில் நடந்த கொள்ளையின்போது வெள்ளையினக் காவலர் ஒருவரைச் சுட்டுக் கொன்றதாக, வாரன் மெக்லெஸ்கி என்ற கறுப்பினத்தவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. ஜார்ஜியாவின் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கொலை வழக்குகளை ஆராய்ந்த பேராசிரியர் டேவிட் பால்டஸின் முடிவுகளை அவர் தரப்பு முன்வைத்தது: பிற காரணிகளைக் கழித்துப் பார்த்த பின்னும், கொல்லப்பட்டவர் வெள்ளையராக இருந்தால் மரண தண்டனைக்கான வாய்ப்பு 4.3 மடங்காக இருந்தது. 1987-இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் நீதிமன்றம் மனுவைத் தள்ளியது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய லூயிஸ் பவல், ஆய்வு சரியென்றே வைத்துக்கொண்டாலும், இந்த வழக்கில் இவருக்கு எதிராக வேண்டுமென்றே பாகுபாடு காட்டப்பட்டதாக நிறுவப்படவில்லை என்றார். இவ்வாதத்தை ஏற்றால் குற்றவியல் நீதிமுறை முழுவதுமே கேள்விக்குள்ளாகும் என்றும் எழுதினார். அளவுக்கு மீறி நீதி கிடைத்துவிடுமோ என்ற அச்சம் இது என்று நீதிபதி பிரென்னன் தம் மாறுபட்ட தீர்ப்பில் இடித்துரைத்தார். 1991-இல் மெக்லெஸ்கி மின்சார நாற்காலியில் உயிரிழந்தார். எந்த வழக்கிலாவது உங்கள் வாக்கை மாற்றிக்கொள்வீர்களா என்று, ஓய்வுபெற்றிருந்த பவலிடம் அவர் வாழ்க்கை வரலாற்றை எழுதியவர் கேட்டபோது, அவர் சொன்னது இந்த வழக்கைத்தான்.

அலபாமாவில் நடந்தது இன்னும் விசித்திரம். 1988-இல் கூலிக்காக ஒரு பாதிரியாரின் மனைவியைக் கொன்ற வழக்கில், கென்னத் ஸ்மித்துக்கு ஆயுள் தண்டனை போதும் என்று, பொதுமக்களைக் கொண்ட 12 பேர் நடுவர் குழுவில் 11 பேர் கூறினர். நீதிபதி அதை மீறி மரண தண்டனை விதித்தார். நீதிபதிகளுக்கு இருந்த அந்த அதிகாரத்தை மாநிலம் 2017-இல் நீக்கியபோதும், அதற்கு முன் தண்டிக்கப்பட்டவர்களுக்கு அது பொருந்தவில்லை. 2022-இல் விஷ ஊசியால் கொல்ல முயன்று, நரம்பில் ஊசி ஏற்ற முடியாமல் தோற்றவர்கள், 2024 ஜனவரியில் நைட்ரஜன் வாயுவால் அவர் உயிரைப் பறித்தார்கள்.

கொலையுண்டவர்களின் குடும்பத்தார் நீதி கேட்பதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் தீர்ப்புக்கும் நிறைவேற்றத்துக்கும் இடையே பெரும்பாலும் இருபது ஆண்டுகளுக்குக் குறையாமல் அவர்களையும் நீதிமன்ற வாசலில் காக்க வைக்கும் முறை இது. மரண தண்டனை கொலைகளைத் தடுக்கிறது என்ற வாதத்தைப் பொறுத்தவரை, அதுவரை வந்த ஆய்வுகளை வைத்து எப்பக்கமும் முடிவு கட்ட முடியாது என்று அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சி மன்றம் 2012-இலேயே கூறிவிட்டது.

மரண தண்டனையை எதிர்க்கும் என் நிலைப்பாட்டுக்கு உண்மையான சோதனை வேறு. 2024 டிசம்பரில் அன்றைய அதிபர் பைடன், மாநிலச் சட்டங்களின் கீழ் அல்லாமல் கூட்டாட்சிச் சட்டத்தின் கீழ் மரண தண்டனை பெற்றிருந்த கைதிகள் 40 பேரில் 37 பேரின் தண்டனையை ஆயுளாகக் குறைத்து, பாஸ்டன் மாரத்தான், சார்ல்ஸ்டன் தேவாலயம், பிட்ஸ்பர்க் யூத வழிபாட்டுத் தலம் ஆகிய தாக்குதல்களின் குற்றவாளிகள் மூவரின் தண்டனையை மட்டும் குறைக்காமல் விட்டார். இம்மூவரின் குற்றத்தில் எனக்கும் ஐயமில்லை. இவர்களைப் போன்றோருக்கு மட்டும் பொருந்துமாறு ஒரு சட்டம் எழுத முடிந்தால் என் எதிர்ப்பு தளரக்கூடும். அப்படி எழுதுவது எப்படி என்றுதான் தெரியவில்லை. ஏனெனில் 1973 முதல் மரண தண்டனை பெற்றுப் பின்னர் விடுவிக்கப்பட்ட சுமார் 200 பேரின் வழக்குகளிலும், குற்றம் ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்பட்டதாகவே முதலில் தீர்ப்பு சொல்லப்பட்டது.