கணக்குக் கேட்பவரும் கொளுத்தச் சொல்பவரும்

கேள்வி: தோட்டத் தொழிலாளரின் சம்பள உயர்வுக்காக, கொட்டாஞ்சேனைக் கடைகளில் வேலை செய்யும் மலையக இளைஞர்கள் சிலர் வட்ஸ்அப் குழு ஒன்று நடத்துகிறோம். ஒருவர் சேர்த்த பணத்துக்குக் கணக்குக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். இன்னொருவர் மிகத் தீவிரமான ஆதரவாளர். முதலாமவர் குழப்பவாதி என்று நினைக்கிறோம், நீக்கலாமா?

பதில்: நீக்க வேண்டாம். நீங்கள் அனுப்பிய பதிவுகளை வாசித்தபோது எனக்குக் கவலை தந்தவர் இரண்டாமவர்தான். நிதானமாகப் பேசியவர்களை எல்லாம் அவர் துரோகி என்கிறார். தோட்டத் துரையின் (நிர்வாகியின்) பங்களாவைக் கொளுத்த வேண்டும் என்று மூன்று முறை எழுதியிருக்கிறார். ஆனால் துண்டுப்பிரசுரம் கொடுக்க யார் வருவீர்கள் என்று நீங்கள் கேட்ட அன்று ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. துரோகி என்ற சொல் நம் சமூகத்தில் எத்தனை பேரின் வாயை அடைத்திருக்கிறது என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கேள்வியின் கடுமையை விட, பதில் கிடைத்த பிறகு ஒருவர் என்ன செய்கிறார் என்பதே அவரைக் காட்டிக்கொடுக்கும். வரவு செலவை இந்த வாரமே பற்றுச்சீட்டுகளோடு குழுவில் போடுங்கள். அக்கறையோடு கேட்டவர் அதை வாசித்து, பிழை இருந்தால் அந்த இடத்தைச் சுட்டுவார். குழப்ப வந்தவரோ பதிலைத் தொடாமலே அடுத்த குற்றச்சாட்டுக்குத் தாவுவார்.

விடயம் தெரிந்தவரா என்பதையும் பேச்சோடு பேச்சாகக் கேட்டுப் பார்க்கலாம். 2024இல் 1,700 ரூபாய் என்று பேசப்பட்ட நாட்சம்பளம், வர்த்தமானியில் 1,350 ரூபாய் அடிப்படைச் சம்பளமாக வந்ததை இந்தக் கோரிக்கையைப் பின்தொடர்ந்தவர் அறிந்திருப்பார். கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர் போடுவதை, அதாவது அரைநாள் சம்பளம் மட்டும் பதிவதைப் பற்றிக் கேட்டால், தோட்டத்தில் வளர்ந்தவர் தன் தாயின் கதையையே சொல்லத் தொடங்கிவிடுவார். ஆயினும் கொழும்பிலேயே பிறந்து வளர்ந்த ஒருவருக்கு இது தெரியாமல் போகலாம்; அதை மட்டும் வைத்து யாரையும் தள்ளிவிடாதீர்கள்.

பெயரையும் படத்தையும் மறைத்திருப்பதும் அப்படித்தான். குடியிருக்கும் லயன் அறை தோட்ட நிர்வாகத்தின் கையில் இருக்கும்போது ஒரு தொழிலாளி சொந்தப் பெயரில் எழுத அஞ்சுவது நியாயமே. முகநூல் பக்கமாயின், அது தொடங்கப்பட்ட திகதியையும் முன்பு அதற்கு இருந்த பெயர்களையும் பக்க விபரத்தில் பார்க்கலாம். நேற்றுவரை ஆடை விற்ற பக்கம் இன்று போராட்டம் பேசினால் விசாரியுங்கள்.

கொளுத்தச் சொல்பவர் உளவாளியா, வெறும் ஆத்திரக்காரரா என்று ஆராய்ந்துகொண்டிருக்க உங்களுக்கு நேரமில்லை. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்துத் திகனையில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் எரிவதற்கு முன்னும் இத்தகைய பதிவுகள் பரவின; அதில் தன் தளத்துக்கு இருந்த பங்குக்காக முகநூல் நிறுவனம் 2020இல் மன்னிப்புக் கேட்டது. இணையப் பதிவுகளுக்காகத் தண்டிக்கக்கூடிய 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் நடைமுறையில் இருக்கிறது. அவருடைய பதிவுகளைத் திகதி தெரியும்படி படமெடுத்து வைத்துக்கொண்டு, வன்முறைக்கு இங்கே இடமில்லை என்று எல்லோர் முன்னிலையிலும் எழுதுங்கள். மறுபடியும் எழுதினால், அன்றே நீக்கிவிடுங்கள்.