ஆங்கிலவழிப் படிப்புக்கு ஜெர்மன் எதற்கு?
ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் மேலாண்மைப் பாடமெல்லாம் ஆங்கிலத்தில்தானே, ஜெர்மன் படிக்கத்தான் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். படித்துவிட்டே போங்கள். வகுப்புக்கு ஆங்கிலம் போதும்தான், ஆனால் பன்னாட்டு வணிகத்தில் பாதி விஷயம் பகுதிநேர வேலை பார்க்கும்போதுதான் பிடிபடும், அங்கே மீட்டிங் ஆங்கிலத்தில் ஓடினாலும் காபி மெஷின் பக்கம் பேச்சு ஜெர்மனுக்கு மாறிவிடும். உங்கள் அறிக்கை சரியில்லை என்றால் முகத்துக்கு நேரே சொல்வார்கள், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். நம் ஊர் 'பார்க்கலாம் சார்' அங்கே சம்மதமாகவே போய்விடும், முடியாததை முடியாது என்று சொல்லிப் பழகுங்கள்.

அப்புறம் செலவு. ஜெர்மனியில் கட்டணமே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள், மான்ஹைம் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் இந்திய மாணவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. விசாவுக்கு பிளாக்டு அக்கவுண்ட்டில் (மாதாமாதம் குறிப்பிட்ட தொகை மட்டுமே எடுக்க முடிகிற வங்கிக் கணக்கு) ஒரு வருடச் செலவுக்கென்று காட்ட வேண்டிய 11,904 யூரோ தனி.