ஏழு பேர், அம்மாவுக்கு முழங்கால் வலி: எர்டிகாவா, கேரன்ஸா?

வணக்கம் நண்பரே. ஏழு பேர், நான்கு பெட்டி, முழங்கால் வலியுள்ள அம்மா; வாங்க வேண்டிய கார் மாருதி எர்டிகா சிஎன்ஜியா (எரிவாயுவில் ஓடுவது), கியா கேரன்ஸா என்று கேட்டிருந்தீர்கள்.

சிஎன்ஜி வேண்டாம், சிலிண்டர் டிக்கியையே அடைத்துக்கொள்ளும். பெட்ரோல் எர்டிகாவிலேயே மூன்றாம் வரிசையை நிமிர்த்தினால் மிஞ்சுவது 209 லிட்டர், கேரன்ஸில் 216. ஒரு நடுத்தரப் பெட்டி, இரண்டு பை, அவ்வளவுதான். மீதிக்குக் கூரைக் கேரியர் போட வேண்டும். பட்ஜெட் ஏறுமானால் டொயோட்டா இன்னோவா ஹைகிராஸில் 300 லிட்டர்.

ஷோரூமுக்கு அம்மாவைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். நடுவரிசை இருக்கையின் விளிம்பு அவர் முழங்காலுக்குச் சற்று மேலே இருக்கட்டும். தாழ்ந்திருந்தால் எழும்போது முழு எடையும் முட்டியில் விழும். கடைசி வரிசையில் உயரமான ஒருவரை அரை மணி நேரம் உட்கார வையுங்கள். தொடை இருக்கையில் படியாமல் தூக்கி நின்றால், நெடும்பயணத்தில் இடுப்பு பிடித்துக்கொள்ளும். அங்கே பிள்ளைகள்தான் சரி. அவர்கள் ஏற, கேரன்ஸின் புதிய வடிவமான கேரன்ஸ் கிளாவிஸின் மேல்ரகங்களில் பொத்தானை அழுத்தினாலே நடு இருக்கை மடிந்து வழிவிடும்.