அடக்கி வாசித்தால் போதாதா? – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். நான் வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன். என் தங்கை மகன் லண்டனில் இருக்கிறான். புகலிடம் கோருவோரின் விசாரணைகளுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளராகப் போய் வருகிறான். யார், எவர் என்று எங்களிடம் சொல்வதில்லை. ஆனால் தன்பாலீர்ப்பைக் காரணம் காட்டி அகதி நிலை கேட்பவர்களும் வருகிறார்கள் என்றும், அந்த அறையில் உட்கார்ந்து அவற்றையெல்லாம் கேட்கக் கூச்சமாக இருப்பதால் இனி அவ்வகை வழக்குகளைத் தவிர்க்கலாமா என்று யோசிப்பதாகவும் சென்ற வாரம் சொன்னான்.

எனக்கு இதில் சில சந்தேகங்கள். அகதி என்றால் ராமேசுவரம் கரையில் வந்து இறங்கியவர்கள்தான் என் நினைவுக்கு வருகிறார்கள். போருக்குத் தப்பியவர்களுக்கான சட்டத்தில் ஒருவருடைய அந்தரங்க விருப்பத்துக்கு எப்படி இடம் வந்தது? ஊரிலேயே கொஞ்சம் அடக்கி வாசித்தால் யாருக்குத் தெரியப் போகிறது? மேலும், யார் வேண்டுமானாலும் போய் "நானும் அப்படித்தான்" என்று சொல்லிவிடலாமே, அதை எப்படிச் சோதிப்பார்கள்? கேட்டதில் தவறிருந்தால் பொறுத்தருளவும். மருமகனுக்கு என்ன சொல்வதென்றும் தெரிவித்தால் நன்றாக இருக்கும்.

நா.,
மதுரை

*

அன்புள்ள நா. அவர்களுக்கு,

நீங்கள் கேட்டதில் தவறு ஏதும் இல்லை. அடக்கி வாசித்தால் போதாதா என்பதைப் பல நாட்டு அரசுகள் தம் வழக்கறிஞர்கள் வழியாக நீதிமன்றங்களில் வாதமாகவே வைத்திருக்கின்றன. சில நாடுகளில் நெடுங்காலம் அந்த வாதம்தான் வென்றுகொண்டும் இருந்தது.

முதலில் சட்டத்தில் இவர்களுக்கு உள்ள இடத்தைப் பார்ப்போம். இனம், மதம், நாட்டுரிமை, அரசியல் கருத்து, குறிப்பிட்டதொரு சமூகக் குழுவைச் சேர்ந்திருத்தல் ஆகிய ஐந்தில் ஒன்றின் பொருட்டுத் துன்புறுத்தப்படுவோம் என்று தக்க காரணத்தோடு அஞ்சி, தம் நாட்டுக்கு வெளியே இருப்பவரைத்தான் 1951ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கை அகதி என்கிறது. இந்த ஐந்தில் போர் இல்லை என்பதைக் கவனியுங்கள். குண்டுக்குப் பயந்து ஓடிவந்தவர்கூட, மேற்சொன்ன ஐந்தில் ஒன்றால்தான் தமக்கு ஆபத்து என்று காட்டினால்தான் அந்த உடன்படிக்கைக்குள் வர முடியும். ஐந்தாவதாக உள்ள சமூகக் குழு என்பது ஸ்வீடன் பிரதிநிதி கொண்டுவந்த திருத்தத்தால் பேச்சுவார்த்தையின் கடைசிக் கட்டத்தில் சேர்ந்தது. சேர்த்தவர்கள் தன்பாலீர்ப்பாளர்களை நினைத்துச் சேர்த்ததாக நான் சொல்ல மாட்டேன். நாஜி வதைமுகாம்களில் தன்பாலீர்ப்பாளர் என்று அடையாளம் காட்ட இளஞ்சிவப்பு முக்கோணம் தைத்த உடையோடு அடைக்கப்பட்டிருந்த ஆண்களைப் போர் முடிந்த பின்னும் குற்றவாளிகளாகவே பார்த்த காலம் அது. அவர்களை உள்ளே தள்ளிய ஜெர்மன் குற்றவியல் சட்டத்தின் 175ஆம் பிரிவை, நாஜிகள் கடுமையாக்கிய அதே வடிவில், மேற்கு ஜெர்மனி 1969 வரை வைத்திருந்தது. இங்கிலாந்திலும் 1967 வரை ஆணும் ஆணும் உறவு கொள்வது குற்றம்தான்.

பிறகு 1981இல் நெதர்லாந்திலும் 1990இல் அமெரிக்காவிலும் இந்த ஐந்தாவது காரணத்துக்குள் தன்பாலீர்ப்பாளர்களும் அடங்குவர் என்ற முடிவுகள் வந்தன. அமெரிக்க வழக்கு கியூபாவைச் சேர்ந்த ஒருவருடையது. அங்கே அரசு அவர் பெயரைத் தன்பாலீர்ப்பாளர் என்று பதிவேட்டில் ஏற்றி, சில மாதங்களுக்கு ஒருமுறை வரவழைத்து விசாரித்து, 1980இல் சிறைக்குப் போகிறாயா நாட்டை விட்டுப் போகிறாயா என்று கேட்டு அனுப்பிவிட்டது. அந்தத் தீர்ப்பை 1994இல் ஜேனட் ரீனோ அட்டர்னி ஜெனரலாக இருந்தபோது பிற வழக்குகளுக்கும் முன்மாதிரி ஆக்கினார். இதில் வேடிக்கை, தன்பாலீர்ப்பாளர்கள் அமெரிக்காவுக்குள் நுழையவே கூடாதென்று குடிவரவுச் சட்டத்தில் இருந்த தடை நீக்கப்பட்டதும் அதே 1990இல்தான்.

இனி அடக்கி வாசிப்பதற்கு வருகிறேன். வங்கதேசத்தைச் சேர்ந்த, இணைந்து வாழ்ந்த இரு ஆண்கள் ஆஸ்திரேலியாவில் புகலிடம் கேட்டார்கள். இதுவரை வெளியே காட்டிக்கொள்ளாமல்தான் வாழ்ந்திருக்கிறார்கள், திரும்பிப் போனாலும் அப்படியே வாழ்வார்கள், ஆகவே ஆபத்தில்லை என்று தீர்ப்பாயம் கையை விரித்தது. 2003 டிசம்பரில் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம், நான்குக்கு மூன்று என்ற பெரும்பான்மையில், அந்த முடிவை ரத்து செய்தது. அவர்கள் ஏன் அப்படி ஒளிந்து வாழ்ந்தார்கள் என்று தீர்ப்பாயம் கேட்கவே இல்லை என்பதுதான் நீதிமன்றம் கண்ட குறை.

பிரிட்டனில் 2010 ஜூலை 7 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இன்னும் விரிவானது. ஈரானியர் ஒருவர், கேமரூன்காரர் ஒருவர் என இருவருடைய மேல்முறையீடுகளை ஒன்றாகக் கேட்டார்கள். கேமரூன்காரர் தம் வீட்டுத் தோட்டத்தில் தம் துணைவரை முத்தமிட்டதை அண்டை வீட்டார் ஒருவர் பார்த்துவிட்டார். அதற்குப் பின் தேவாலயத்திலிருந்து திரும்பும் வழியில் ஒரு கும்பல் அவரைக் கம்பால் அடித்து, கல்லெறிந்து, ஆடையைப் பிடுங்கி, பிறப்புறுப்பை அறுக்கவும் முயன்றிருக்கிறது. காவலர்கள் வந்தார்கள், என்ன விஷயம் என்று கேட்டார்கள், கும்பல் சொன்னதைக் கேட்டதும், ஆணாக இருந்துகொண்டு எப்படி இன்னொரு ஆணோடு போவாய் என்று ஒரு காவலர் அவர் வாயிலேயே குத்தினார். தாக்குதல் நடந்தது உண்மை என்பதில் பிரிட்டிஷ் அதிகாரிகளுக்கும் ஐயமில்லை. ஊரை மாற்றிக்கொண்டு கவனமாக இருந்துகொள்ளலாம், அது ஒரு மனிதரால் பொறுத்துக்கொள்ளக் கூடியதுதான் என்ற அளவுகோலை வைத்துத்தான் அவரையும் ஈரானியரையும் கீழ் நிலைகளில் நிராகரித்தார்கள். உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக அந்த அளவுகோலைத் தூக்கியெறிந்தார்கள். அரசியல் கருத்துக்காக வேட்டையாடப்படுபவரிடம், கருத்தை மறைத்துக்கொண்டு பிழைத்துக்கொள் என்று எந்த நீதிமன்றமும் சொல்வதில்லை. மதத்துக்காகத் துரத்தப்படுபவரிடம் ரகசியமாக வழிபட்டுக்கொள் என்று சொல்வதில்லை. இவர்களிடம் மட்டும் ஏன் சொல்ல வேண்டும்?

அந்தத் தீர்ப்பில் நீதிபதி ரோட்ஜர் பிரபு கீழ்த் தீர்ப்பாயங்களுக்கு ஒரு கேள்வி வரிசையை வகுத்துக் கொடுத்தார். விண்ணப்பதாரர் தன்பாலீர்ப்பாளர்தானா, அவர் நாட்டில் வெளிப்படையாக வாழ்பவர்களுக்கு ஆபத்து உண்டா, இவர் திரும்பிப் போனால் எப்படி வாழ்வார் என்று கேட்டுவிட்டு, மறைத்துத்தான் வாழ்வார் என்றால் ஏன் மறைப்பார் என்று கேட்க வேண்டும். பெற்றோர் மனம் நோகக் கூடாது, நண்பர்கள் முன் சங்கடப்படக் கூடாது என்பவை மட்டுமே காரணமென்றால் அவர் அகதி அல்லர். துன்புறுத்தப்படுவோம் என்ற அச்சமும் அந்த மறைப்புக்கு ஒரு முக்கியக் காரணமாக இருந்தால் அவர் அகதி.

சட்டமாகப் பார்த்தால் இது தெளிவான கோடு. நம் வீடுகளுக்குள் இந்தக் கோட்டை இழுத்துப் பாருங்கள். "அம்மாவுக்குத் தெரிந்தால் உயிரையே விட்டுவிடுவாள்" என்று ஒரு பையன் சொன்னால் அது பாசமா, பயமா? அவனுக்குத் தெரியாமல் பெண் பார்த்து, தாம்பூலம் மாற்றி, கல்யாணத்துக்கு நாள் குறித்துவிட்டால் அது வீட்டு விஷயம். ஒரு பெண்ணின் கைபேசியைப் பிடுங்கி அறையில் பூட்டிவைத்து, மந்திரிக்க ஆள் கூட்டிவந்து, அடித்து, கடைசியில் ஒருவனுக்குக் கட்டிவைத்தால் அதையும் வீட்டு விஷயம் என்றுதான் காவல் நிலையத்தில் சொல்லி அனுப்புவார்கள். இங்கே மனம் நோகிறவரும் கை ஓங்குகிறவரும் பல சமயம் ஒரே ஆள். துன்புறுத்துவது அரசாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் அகதிச் சட்டத்தில் இல்லை. குடும்பமோ ஊரோ துன்புறுத்தி, அதிலிருந்து காக்க அரசு முன்வராவிட்டாலும் போதும். ஆனால் அதைக் கேட்பவர்களுக்குப் புரியும்படி சொல்ல வேண்டியவர், குடும்பத்தை விட்டுக்கொடுத்துப் பேசக் கூடாது என்று பிறந்தது முதல் பழக்கப்பட்டவர். அப்பா கண்டிப்பானவர் என்று ஒரு வரியில் முடித்துக்கொள்வார். கோப்பில் அந்த ஒரு வரிதான் ஏறும். இந்த வகை வழக்குகளில் எனக்குப் பெரிய கவலை நீங்கள் சொல்லும் பொய்யர்களைவிட இப்படிக் குறைத்துச் சொல்லிவிட்டுத் தோற்பவர்களைப் பற்றித்தான்.

உங்கள் ஊரிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. மதுரையைச் சேர்ந்த இரு பெண்கள் ஒருவரையொருவர் விரும்பி, வீட்டார் எதிர்க்கவே சென்னைக்கு வந்து சேர்ந்தார்கள். பெற்றோர் இருவரும் காணவில்லை என்று தனித்தனியே புகார் கொடுத்தார்கள். காவல்துறை விசாரணைக்கு வந்தது. பெண்கள் சென்னை உயர் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கேட்டார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இவ்விஷயத்தில் தமக்கே முன்முடிவுகள் இருப்பதாகச் சொல்லி, உளவியலாளர் ஒருவரிடம் அமர்ந்து கற்றுக்கொண்ட பிறகு, 2021 ஜூன் 7 அன்று விரிவான ஆணை பிறப்பித்தார். வயதுவந்தவர்கள் தம் விருப்பப்படி சேர்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் காணவில்லை என்ற புகாரை முடித்துவிட வேண்டும் என்று காவல்துறைக்கு அறிவுறுத்தினார். சொந்த நாட்டிலேயே வேறிடத்தில் பாதுகாப்பு கிடைத்தால் ஒருவருக்கு அகதி நிலை தேவையில்லை என்கிறது அகதிச் சட்டம். அவர்களுக்குச் சென்னை கிடைத்தது. தன்பாலுறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவின் பிடி 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் தளர்ந்திராவிட்டால் அது கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்.

உகாண்டாவில் இருப்பவருக்கு அப்படி ஒரு சென்னை இல்லை. அங்கே 2023ஆம் ஆண்டுச் சட்டம் ஆயுள் தண்டனையும், சில சூழல்களில் மரண தண்டனையும் விதிக்கிறது. தப்பி அடுத்த நாடான கென்யாவுக்குப் போனால் அங்கும் 14 ஆண்டுச் சிறை சட்டத்தில் இருக்கிறது. இந்தச் சட்டங்களின் வேர் பிரிட்டிஷ் ஆட்சியில் என்பதையும், 2018இல் அன்றைய பிரதமர் தெரசா மே காமன்வெல்த் நாடுகளிடையே பேசும்போது அதற்கு வருத்தம் தெரிவித்தார் என்பதையும் சொல்லி நகர்கிறேன்.

இலங்கையில் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின், தன்பாலுறவைக் குற்றமாக்கும் 365, 365ஏ பிரிவுகள் இருக்கின்றன. ஆண்களைப் பற்றி மட்டும் பேசிய 365ஏ, 1995 திருத்தத்தில் பெண்களையும் சேர்த்துக்கொண்டது. 2022இல் ஐ.நா.வின் பெண்களுக்கெதிரான பாகுபாட்டை ஒழிக்கும் குழு இதைக் கண்டித்தது. அப்பிரிவுகளைத் திருத்தும் மசோதா அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று 2023 மே மாதம் இலங்கை உச்ச நீதிமன்றமே சொன்னபோதிலும் அது சட்டமாகவில்லை. அப்படியானால் இலங்கைத் தமிழர் ஒருவர் லண்டனில் இதைச் சொன்னதும் கதவு திறந்துவிடுமா? திறக்காது. 2015இல் பிரிட்டனின் மேல் தீர்ப்பாயம், இலங்கையில் தன்பாலீர்ப்புடைய ஆண்கள் நடத்தப்படும் விதம் பொதுவாகத் துன்புறுத்தல் என்ற அளவை எட்டுவதில்லை என்று வழிகாட்டு முடிவு தந்திருக்கிறது. கொழும்பில் வாழலாம் என்ற எண்ணம் அதன் பின்னால் இருக்கிறது. கிராமப்புறப் பெண்களுக்கும் திருநர்களுக்கும் ஆபத்து கூடுதல் என்பதை ஒத்துக்கொண்டு, தனி மனிதரின் நிலையைப் பொறுத்து முடிவெடுக்கச் சொல்கிறது. யாழ்ப்பாணத்துக் கிராமம் ஒன்றில் பிறந்த தமிழ்ப் பையன், சிங்களமும் தெரியாமல் கொழும்பில் தனியாக எப்படி வாழ்வான் என்பதை அவனே விளக்கிக் காட்ட வேண்டும்.

சோதிப்பது எப்படி என்று கேட்டிருந்தீர்கள். வெட்கக்கேடான முறைகளெல்லாம் நடந்திருக்கின்றன. செக் குடியரசில் படங்களைக் காட்டி உடலின் எதிர்வினையைக் கருவியால் அளந்தார்கள். ஹங்கேரியில் நைஜீரியர் ஒருவரிடம் மைக்கறைகளைக் காட்டி என்ன தெரிகிறது என்று கேட்டார்கள். மழையில் நிற்கும் மனிதரை வரையச் சொன்னார்கள். அதைக் கொண்டு, அவர் தன்பாலீர்ப்பாளர் என்பதை உறுதிப்படுத்த முடியவில்லை என்றார்கள். இத்தகைய உளவியல் சோதனையை வைத்து ஒருவரின் ஈர்ப்பை முடிவு செய்யக் கூடாதென்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2018 ஜனவரியில் தீர்த்தது. அதற்கு முன் 2014 டிசம்பரிலேயே, படுக்கையறை விவரங்களைத் துருவக் கூடாது, விண்ணப்பதாரரே முன்வந்து அந்தரங்கக் காணொளியைக் கொடுத்தாலும் ஏற்கக் கூடாது, முதல் வாய்ப்பிலேயே சொல்லவில்லை என்ற ஒரே காரணத்துக்காக நம்ப மறுக்கக் கூடாது என்று அது சொல்லியிருந்தது. ஆக, மிஞ்சுவது வாக்குமூலம்தான். எப்போது உணர்ந்தீர்கள், யாரிடம் சொன்னீர்கள், என்ன நடந்தது என்று மணிக்கணக்கில் கேட்டு, முன்பின் முரண் உண்டா, நாட்டு நிலவரத்தோடு பொருந்துகிறதா, துணைவர் வந்து சாட்சி சொல்வாரா என்று பார்க்கிறார்கள். பொய் சொல்பவர்கள் இருக்கிறார்கள். மதம் மாறியதாகவும் கட்சியில் இருந்ததாகவும் சொல்பவர்களிலும் அத்தகையோர் உண்டு. பிரிட்டனில் 2022 ஜூன் 28 முதல் பதிவாகும் கோரிக்கைகளில், தாம் இந்தக் குழுவைச் சேர்ந்தவர்தாம் என்பதையே, பொய்யாக இருப்பதைவிட உண்மையாக இருக்கவே சாத்தியம் அதிகம் என்ற அளவுக்கு நிறுவ வேண்டும் என்று சட்டத்தை இறுக்கியும் விட்டார்கள். வாழ்நாள் முழுக்க எந்தத் தடயமும் விடாமல் பழகியவர் தடயம் காட்டித்தான் உள்ளே போக வேண்டும்.

உங்கள் மருமகனுக்கு வருகிறேன். விசாரணை அதிகாரியின் முன் உட்காரும் தமிழருக்குப் பெரும்பாலும் அதிகாரியைவிட மொழிபெயர்ப்பாளர் மீதுதான் பயம். அதிகாரி அந்நியர்; இவரோ தமிழர். எந்த ஊர், யார் வீடு என்று இரண்டு கேள்வியில் உறவு கண்டுபிடித்துவிடும் நம் வழக்கம் இருவருக்கும் தெரியும். அதனால் உங்கள் மருமகன் காத்திருப்பு அறையில் ஊர் விசாரிக்கவே கூடாது. கூச்சம் வருவது இயல்புதான். அந்தக் கூச்சத்தில் அவர் கேட்டதை மிதமாக்கிச் சொல்வதில்தான் ஆபத்து. சேர்ந்து வாழ்ந்தோம் என்று விண்ணப்பதாரர் சொன்னதை நாகரிகமாக நண்பர்கள் என்று இவர் மாற்றிவிட்டால், பிறகு வழக்கறிஞர் கொடுக்கும் வாக்குமூலத்தில் துணைவர் என்று வரும்போது அது முரண்பாடாகக் கோப்பில் நிற்கும். நிராகரிப்புக் கடிதத்தில் அந்த முரணே முதல் காரணமாக இருக்கலாம். விண்ணப்பதாரர் அழுதால் அழட்டும் என்று காத்திருந்து, சொன்னதைச் சொன்னபடி, முகத்தில் ஒன்றும் காட்டாமல் ஆங்கிலத்தில் சொல்ல முடியுமென்றால் தாராளமாகத் தொடரட்டும். முடியாதென்றால், விசாரணை நாளன்று தயங்கிக்கொண்டு உட்காராமல், முன்கூட்டியே தம்மை அனுப்பும் முகவரிடம் இவ்வகை வழக்குகள் வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிடட்டும். வேறொருவரை ஏற்பாடு செய்ய அவர்களுக்கு நேரம் இருக்கும்.