ஆயாவைக் கேளுங்கள்: கப்பல் தாளில் ஒரு சாதி, வாசலில் ஒரு சாதி

கேள்வி: ஆயா, என் மகளுக்கு மாப்பிள்ளை பேசுகிறோம். நாங்கள் பிள்ளை. பையன் வீட்டார் குலம், கோத்திரம் எல்லாம் கேட்கிறார்கள். சரி, பார்த்துச் சொல்லலாம் என்று டர்பன் ஆவணக் காப்பகத்தில், கொள்ளுத்தாத்தா ஒப்பந்தக் கூலியாக இங்கே தென்னாப்பிரிக்காவுக்கு வந்தபோது எழுதிய கப்பல் பதிவை எடுத்தோம். சாதி என்ற இடத்தில் வேறு என்னவோ இருக்கிறது. இத்தனை நாள் நாங்கள் சொன்னது பொய்யா? ஆதியில் இந்துக்கள் நான்கு வருணத்துக்குள் ஒழுங்காகத்தானே வாழ்ந்தார்கள்? (வாசகி, பீனிக்ஸ்)

பதில்: அம்மாடி, அந்தத் தாளைக் கண்டு பயப்படாதீர்கள். எங்கள் தாத்தாவின் பதிவை நானும் பார்த்திருக்கிறேன். எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம், உயரம், உடம்பிலுள்ள அடையாளம். இடது முழங்காலில் தழும்பு என்று எழுதியிருந்தது. சிறுமியாக இருந்தபோது நான் எண்ணெய் தேய்த்துவிட்ட முழங்கால் அது, எனக்குத் தெரியாதா? தழும்பைச் சரியாகப் பிடித்த குமாஸ்தா ஊர்ப் பெயரைத்தான் கொலை செய்து வைத்திருந்தார். என் பேரனும் நானும் ஒரு மணி நேரம் உட்கார்ந்தும் அது எந்த ஊர் என்று பிடிபடவில்லை.

சாதிப் பத்தியும் அப்படித்தான். அதில் சிலருக்குக் 'கிறிஸ்தவர்' என்று மதத்தைப் போட்டிருப்பார்கள். மேல்சாதி என்றால் தோட்ட வேலைக்கு எடுக்கமாட்டார்கள் என்று குறைத்துச் சொன்னவர்கள் உண்டு. இங்கே இறங்கியபின் ஏற்றிச் சொன்னவர்களும் உண்டு. 1860 நவம்பர் 16ஆம் தேதி 'டுரூரோ' கப்பலில் வந்த 342 பேர் தொடங்கி 1911 வரை 1,52,000 பேருக்கு மேல் வந்தார்கள். முனியன், முத்து என்று ஒற்றைப் பெயரோடு இறங்கியவர்கள் எத்தனையோ பேர். பட்டப்பெயர் பிறகு ஒட்டிக்கொண்டது. கவுண்டர் 'கவெண்டர்' ஆனதும் முதலியார் 'மூட்லி' ஆனதும் இந்த மண்ணில்தான். உங்கள் 'பிள்ளை' பட்டம் எப்போது ஒட்டியதோ, அதைப் பொய் என்று ஏன் சொல்லவேண்டும்? நான்கு தலைமுறை அந்தப் பெயரில்தானே சம்பளம் வாங்கியிருக்கிறீர்கள்.

இனி நான்கு வருணம். ரிக் வேதத்தின் 10ஆம் மண்டலத்தில் புருஷ சூக்தம் இருக்கிறது. வாயிலிருந்து ஒருவர், தோளிலிருந்து ஒருவர் என்கிற அந்தக் கணக்கு முழுவதும் அதில் ஒரே ஒரு மந்திரம். ஆனால் பெண் கொடுத்ததும் எடுத்ததும் வருணத்தைப் பார்த்து அல்ல, சாதியைப் பார்த்து. சாதிகளோ நூற்றுக்கணக்கில். நான்கு பெட்டிக்குள் அடங்காதவற்றையெல்லாம் 'இன்னாருக்கும் இன்னாருக்கும் கலந்து பிறந்தது' என்று கணக்குக் காட்ட மனுஸ்மிருதி 10ஆம் அத்தியாயத்தில் படாதபாடு படுகிறது. ஒழுங்காக இருந்திருந்தால் அந்த அத்தியாயத்துக்கே வேலை இல்லை.

கோத்திரம் என்பது ரிஷி பெயரால் வரும் வழி. ஒரே கோத்திரத்தில் கட்டாமல் தவிர்ப்பதற்காகக் கேட்பது. அதை வைத்துக் குடும்பத்தின் தரம் பார்ப்பதை எங்கே கற்றார்களோ!

உடனே சிலர் 'தமிழர்களிடம் அந்தக் காலத்தில் சாதியே இல்லை' என்று புறநானூற்று 183ஆம் பாட்டோடு வருவார்கள். கீழ்ப்பால் ஒருவன் கற்றால் மேற்பால் ஒருவனும் அவனிடம் கற்க வருவான் என்று பாண்டியன் நெடுஞ்செழியன் பாடியது. நல்ல பாட்டுதான், வகுப்பில் நானே நடத்தியிருக்கிறேன். ஆனால் மேற்பால், கீழ்ப்பால் இரண்டும் அதற்குள்ளேயே இருக்கின்றனவே! கட்டில் பின்னுகிறவனை 'இழிசினன்' என்று சொல்லும் பாட்டும் அதே புறநானூற்றில்தான் இருக்கிறது.

அவ்வளவு தூரம் போவானேன். நான் வளர்ந்த கரும்புத் தோட்டத்து பராக்ஸில் (கூலிகளின் வரிசை வீடுகளில்), பின்பக்கக் குழாயடியில் எங்கள் ஆயா, அதாவது என் பாட்டி, ஒரு நீல எனாமல் கோப்பையை ஆணியில் மாட்டியிருந்தாள். விளிம்பு உதிர்ந்து கறுத்துப்போனது. முடிவெட்ட வருகிறவருக்கு மட்டும் அதில் தேநீர். அவரும் எங்கள் தாத்தாவும் ஒரே கப்பலில் வந்தவர்கள். கப்பலில் ஒரே அண்டாச் சோறு, கரையில் தனிக் கோப்பை. எனக்கு ஏழு வயது இருக்கும். ஒரு நாள் அவருக்கு வீட்டுக் கோப்பையில் ஊற்றிக் கொடுத்துவிட்டேன். அவர் அதை வாங்காமல், தானே போய் நீலக் கோப்பையை எடுத்துக்கொண்டு வந்து நீட்டினார். ஆயா என்னை அடித்தது மறந்துபோயிற்று. அவர் நீட்டிய கை மறக்கவில்லை.

பையன் வீட்டாரிடம் தாளைக் காட்டுங்கள், மறைக்க வேண்டாம். முகம் சுளித்தால் முகூர்த்தத்துக்கு முன்பே தெரிந்தது நல்லதுதானே. மகளிடம் கேட்டீர்களா? கடிதத்தில் அவளைக் காணோம்.

கேள்வி: எனக்கு மாமன் மகளைப் பேசி முடித்திருக்கிறார்கள். கூட வேலை செய்யும் இந்தி பேசும் நண்பர், அவள் தங்கை முறை, சாஸ்திரப்படி பாவம் என்கிறார். உண்மையா? (வாசகர், வெருலம்)

பதில்: நண்பர் இட்டுக்கட்டவில்லை. மனு 11ஆம் அத்தியாயத்தில் மாமன் மகள், அத்தை மகள் இருவரையும் விலக்கி, மீறினால் சாந்திராயணம், அதாவது நிலவு வளர்வதற்கும் தேய்வதற்கும் ஏற்பச் சோற்றுக் கவளத்தைக் கூட்டிக் குறைக்கும் பரிகார விரதம் என்கிறார். ஆனால் அவருக்கும் முந்தியவராகக் கருதப்படும், தர்மசூத்திரம் எழுதிய பௌதாயனர், தெற்கத்தியார் வழக்கம் என்று ஒரு பட்டியல் தருகிறார். மனைவியோடு உட்கார்ந்து சாப்பிடுவது, பழையது சாப்பிடுவது, மாமன் மகளையும் அத்தை மகளையும் கட்டுவது. நம் பழைய சோறு 2,000 ஆண்டுக்கு முன்பே பதிவாகியிருக்கிறது, பார்த்தீர்களா! வடக்கத்தியார் வழக்கம் என்று அவர் சொல்வதில் மது குடிப்பதும் கடல் பயணமும் உண்டு. அவரே இன்னோர் இடத்தில் கடல் கடந்தால் சாதி போகும் என்கிறார். அந்தக் கணக்கில் நண்பரின் தாத்தாவுக்கும் உங்கள் தாத்தாவுக்கும் ஒரே நாளில் போய்விட்டது.

நாம் அம்மாவின் தம்பியையும் மாமா என்கிறோம், மாமனாரையும் மாமா என்கிறோம். அப்பாவின் தங்கையும் அத்தை, மாமியாரும் அத்தை. பேச்சிலேயே சம்பந்தம் முடிந்திருக்கிறது. இந்த நாட்டுச் சட்டமும் மாமன் மகளைத் தடுக்கவில்லை. அக்காள் மகளைத்தான் தடுக்கிறது. தலைமுறை தலைமுறையாக உள்ளுக்குள்ளேயே கட்டியிருந்தால் மட்டும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கேள்வி: மருமகள் தனிக்குடித்தனம் போகவேண்டும் என்கிறாள். கூட்டுக்குடும்பம்தானே நம் பழைய பண்பாடு? (வாசகி, சாட்ஸ்வொர்த்)

பதில்: சிலப்பதிகாரத்தில் கோவலனுக்கும் கண்ணகிக்கும் தனி வீடு வைத்துக் கொடுத்ததே மாமியார்தான். பாத்திரம் பண்டம் கொடுத்து அனுப்பிவையுங்கள். கோவலன் கெட்டதே அதனால்தான் என்று மட்டும் அடுத்த வாரம் எனக்கு எழுதிவிடாதீர்கள்.