சுண்ணாம்புக்குக் கீழே ஒரு படகு

கேள்வி: எங்கள் சங்க மண்டபச் சுவர் மழையில் ஊறி வெள்ளை பெயர்ந்தது. அடியில் ஒரு படகின் மூக்கும் வளையல் போட்ட கையும் தெரிகின்றன. உலகப் போர் முடிந்து, ஐம்பதுகளில் வரைந்ததாம். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாமா ஐயா?
– வாசகர், யாங்கோன்

பதில்: உப்புத்தாளைத் தூரப் போடுங்கள் தம்பி! இளவயதில் இப்படி ஒரு சுவரை ஈரத்துணியால் துடைத்தேன். நீல வானம் முழுக்கத் துணியோடு வந்துவிட்டது. பசையில் குழைத்த சாயம் தண்ணீர் பட்டாலே கரையும்.

முதலில் கூரை ஒழுக்கை அடையுங்கள். சுவர் தானாகக் காயட்டும், ஹீட்டர் வேண்டாம். அவசரமாகக் காய்ந்தால் உப்புப் பூத்துச் சாயத்தைத் தள்ளும். அப்புறம் இருட்டில் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடியுங்கள். மூடிய இடத்திலும் தூரிகைத் தடம் மேடாகத் தெரியலாம். படம் எடுத்து வையுங்கள்.

திறப்பது பழகிய கையின் வேலை: ஒரு தடவைக்குத் தபால்தலை அளவு இடம்தான், சின்னக் கத்தி, பூதக்கண்ணாடி. ஆள் கிடைக்கும்வரை சுண்ணாம்பு அப்படியே இருக்கட்டும், அதுவும் ஒரு போர்வைதான்.

கட்டடத்தையே இடிக்கப் போகிறார்களா? லண்டனில் ஓவியர் டோரதி அன்னன் ஒரு கட்டடச் சுவருக்குச் செய்த 9 பீங்கான் ஓவியங்களைக் கழற்றி, 2013இல் அதே ஊரின் பார்பிக்கன் குடியிருப்பில் பதித்தார்கள். ஓடு என்பதால் முடிந்தது. உங்கள் படகு பூச்சோடு ஒட்டியது. அவ்வளவு சுலபமாக வராது.